குப்புறப் படுக்கத் தெரிந்தவர்

நோர்வேயில் துவக்கு வாங்குவது கடினமான காரியம் அல்ல. ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். எதற்கு?

பஸ் சாரதி ஸ்டைன் அந்த இடத்தில் 'செப்டெம்பர் வருகிறது' என்று எழுதியிருந்தார். உடனே அனுமதி கிடைத்தது. அப்பா விட்டுப்போன துவக்குகள் மூன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் ஒன்றால் தன் மைத்துனரின் தோட்டத்துக் கழிப்பறையை ஒருமுறை சுட்டிருந்தார். பனிமூட்டத்தில் அதை எல்க் மான் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். நம்பினார்கள். அந்நேரம் கழிப்பறைக்குள் யாரும் இல்லாதது அவருடைய நன்னடத்தைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதே டிப்போவில் பஸ் ஓட்டும் றெஜினோல்ட்டிடமும் துவக்கைப் பற்றி நோர்வே ஏற்கெனவே ஒருமுறை விசாரித்திருந்தது. ஆனால் மறுபக்கத்திலிருந்து. முப்பது வருடங்களுக்கு முன்பு மன்னாரிலிருந்து வந்து ஒஸ்லோவில் இறங்கி, தான் அகதி என்று அவர் சொன்னபோது ஒரு பொலிஸ்காரர் மூன்று கேள்விகள் கேட்டார். துவக்கு வைத்திருந்தீர்களா? தொட்டிருக்கிறீர்களா? பயிற்சி எடுத்தீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றார். உண்மையும் அதுதான். அந்த இல்லையின் மேல்தான் பிறகு எல்லாம் கட்டப்பட்டது: வதிவிட அனுமதி, சிவப்புக் கடவுச்சீட்டு, ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடி வீடு, மனைவி கிறிஸ்ரி, சட்டம் படிக்கும் மகள் நோரா. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஹெலிகொப்டர் தினமும் அந்த வீட்டுக் கூரைக்கு மேலாகத்தான் பறக்கும். றெஜினோல்ட் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. அந்த அளவுக்கு அவர் நோர்வேஜியர் ஆகிவிட்டிருந்தார்.

மிச்சமிருந்தது எல்க் மான் ஒன்றுதான்.

செப்டெம்பரில் எல்க் வேட்டைக் காலம் வந்துவிட்டால் டிப்போவின் சாப்பாட்டு அறையில் வேறு கதை கிடையாது. யார் எங்கே நின்றான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, மான் எப்படித் திரும்பிப் பார்த்தது. பாணில் பழுப்புச் சீஸை வைத்துக் கடித்தபடி றெஜினோல்ட் வருடக்கணக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஸ்டைன் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஊட்வாரின் முழங்கால் போய்விட்டது. எங்கள் வேட்டைக் குழுவில் ஓர் இடம் காலி. நீ வருகிறாயா?"

அறை முழுக்க மெல்லுவதை நிறுத்தியது. டிப்போ முகாமையாளர் எழுந்து நின்று, ஒருங்கிணைவு என்பது மொழியிலோ வேலையிலோ வரியிலோ முடிவதில்லை, காட்டுக்குள் கூப்பிடப்படும் நாளில்தான் முடிகிறது என்று ஒரு சிறு உரை ஆற்றினார். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல யாரால் முடியும்?

கிறிஸ்ரியால் முடிந்தது.

"உங்களுக்கு என்ன விசரோ? துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்கள், இப்ப துவக்கை வேண்டிக்கொண்டு வந்து வீட்டுக்கை வைக்கப் போறியளோ?"

"இது மானுக்கு, கிறிஸ்ரி."

"அங்கையும் முதல்லை வேறை ஆருக்கோ எண்டுதான் சொன்னவை."

இருந்தாலும் றெஜினோல்ட் வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படித்தார். மன்னாரில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த அதே முறையில், பழைய வினாத்தாள்களைப் பாடமாக்கினார். குழாயை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. சுடுவதற்கு முன் இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் சுடக் கூடாது. இந்த வகுப்பை நாற்பது வருடங்களுக்கு முன்பு மன்னாரில் யாராவது நடத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பிழையும் விடாமல் தேறினார்.

அடுத்தது 'ஆயுதமும் நம்பிக்கையும் பிரிவு.'

ஒஸ்லோ நகர நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அது இருந்தது. தலைவி இங்வில்ட். மெல்லிய குரல், கையால் பின்னிய கம்பளிச் சட்டை. எதற்கும் ஆம் என்று சொல்லும்போது, அந்த ஊர் வழக்கப்படி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே 'யா' என்பார். கேட்பவருக்கு அறையில் இருந்த காற்றுக் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும்.

"எங்கள் சமூகம் நம்பிக்கையின் மேல் நிற்கிறது" என்றார் இங்வில்ட். "நாங்கள் எல்லோரையும் நம்புகிறோம். சிலரை மட்டும் கொஞ்சம் நெருக்கமாக நின்று நம்புகிறோம். உங்களுக்கு எதற்குத் துவக்கு?"

"கூப்பிட்டார்கள்" என்றார் றெஜினோல்ட்.

"யா" என்று இங்வில்ட் காற்றை இழுத்தார். முதற்கட்ட அனுமதி கிடைத்தது. துவக்கைத் தெரிவு செய்துவிட்டு வந்தால் இறுதி அனுமதி.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்ரி கேட்டது ஒன்றைத்தான்.

"குடிக்கத் தின்ன என்ன தந்தவை?"

"கோப்பி."

"வெறுங் கோப்பியோ?"

"ஓம்."

"அப்ப பறவாயில்லை."

ஹவுகன்ஸ்டுவாத் தமிழரிடம் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. இந்த நாட்டு அலுவலகங்களில் யாரும் சத்தம் போடுவதில்லை, மேசையில் குத்துவதில்லை. ஆகவே வரப்போகும் ஆபத்தை மேசையில் இருப்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். வெறுங் கோப்பி என்றால் ஒன்றுமில்லை. வாஃபிள் சுட்டு வைத்திருந்தால் ஏதோ சிக்கல். கேக் என்றால் முடிவெடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவனான லதீசனை வேலையிலிருந்து நிறுத்திய அன்று ஸ்ட்ரோபெரி கேக் கொடுத்தார்கள். அவன் அப்பாவியாக இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கியிருக்கிறான். கேக்கோடு மெழுகுதிரியும் கொளுத்தி வைத்திருந்தால், அதற்குப் பிறகு நடப்பதை யாரும் விவரமாகச் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஸ்டைனும் றெஜினோல்ட்டும் சுவீடனுக்குப் போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இறைச்சி மலிவு, புகையிலை மலிவு, துவக்கும் மலிவு. ஒரு பெரிய மண்டபத்தில் வருடாந்தத் துவக்குச் சந்தை. ஸ்டைன் காரின் பின்பக்கத்தில் இரண்டு குளிர்ப்பெட்டிகளை வைத்திருந்தார், வரும் வழியில் பன்றியிறைச்சியும் வாங்குவதற்கு.

மண்டபத்தின் வாசலிலேயே சிறுவர் பகுதி இருந்தது. நாலு வயதுப் பிள்ளைகள் இளஞ்சிவப்பு நிறத் துவக்குகளால் ஓர் அட்டைக் கரடியை ஒளிக்கதிரால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கரடி விழுந்ததும் இனிப்புக் கொடுத்தார்கள். காட்டிலையின் நிறத்தில் குழந்தை வண்டி விற்றார்கள். சத்தத்தை அடக்கும் குழாய் விற்றவர், "அயலவருக்குத் தெரியவே வராது" என்று றெஜினோல்ட்டின் தோளில் அன்பாகக் கை போட்டார். மேடையில் வேட்டைப் பண்பாட்டுச் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"துவக்கை ஆயுதம் என்று சொல்வது அறியாமை! ஆயுதம் என்பது கெட்டவர்களின் கையில் இருப்பது. நம்முடைய கையில் இருக்கும்போது அது மரபு. என் பாட்டன் இதால் சுட்டார், என் தந்தை இதால் சுட்டார். எதைச் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. மரபை யாரும் கேள்வி கேட்பதில்லை!"

எல்லோரும் கைதட்டினார்கள். றெஜினோல்ட்டும் தட்டினார். பிறகு, ஸ்டைன் காட்டிய ஒரு மரப்பிடித் துவக்கைத் தெரிவு செய்தார். அதைக் கையில் வாங்கியபோது அது நாய்க்குட்டியைப் போலக் கனமாகவும் சாதுவாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் துவக்கைத் தொடுகிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வந்தது. அவருடைய பெயரில் அதற்கு முன்பதிவு போட்டார்கள்.

வெளியேறும் வழியில் ஒரு பழகிய குரல் கூப்பிட்டது. இங்வில்ட். சந்தைக்கு வருபவர்களில் பாதிப்பேர் நோர்வேஜியர் என்பதால் ஆயுதமும் நம்பிக்கையும் பிரிவும் அங்கே ஒரு மேசை போட்டிருந்தது. இருளில் ஒளிரும் பட்டிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். வாஃபிளும் சுட்டார்கள்.

"தெரிவு செய்துவிட்டீர்களா? மகிழ்ச்சி. இந்தாருங்கள்" என்று இங்வில்ட் ஒரு வாஃபிளை நீட்டினார்.

றெஜினோல்ட் வாஃபிளைப் பார்த்துத் தயங்கினார். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி சுவீடிஷ் மொழியில் ஏதோ அறிவித்தது. நண்பகல் ஆவதை ஒட்டி, வாசலில் நிற்கும் பழைய பீரங்கி வழக்கம்போல ஒருமுறை முழங்கும் என்பதே அந்த அறிவிப்பு. வாஃபிளைப் பற்றிய யோசனையில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

பீரங்கி வெடித்தது.

மண்டபத்தில் இருந்த ஆயிரக்கணக்கான துவக்குப் பிரியர்களும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். என்ன ரகம், எந்த வருடத்தது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஸ்டைன் சொசேஜைக் கடித்தபடி "அருமை" என்றார். துவக்குச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே மனிதர் அப்போது மேசைக்கு அடியில் கிடந்தார். குப்புற. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, உள்ளங்கைகள் காதுகளைப் பொத்தியிருக்க, வாயை நன்றாகத் திறந்தபடி. அவருக்குப் பக்கத்தில் ஆயுதமும் நம்பிக்கையும் பிரிவின் தலைவியும் கிடந்தார். றெஜினோல்ட் விழும்போது அவருடைய கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்து, தலையைத் தரையோடு அமுக்கியிருந்தார். வாஃபிள் இங்வில்டின் கன்னத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது.

"மன்னிக்க வேண்டும்" என்றார் றெஜினோல்ட், வாயை மூடாமலே.

இங்வில்ட் கோபப்படவில்லை. எழுந்து, ஜாமைத் துடைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து அவரை நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு சரியாகச் செய்தீர்கள்" என்றார்.

மே மாதத்தில் அழைப்பு வந்தது. 'நம்பிக்கை உரையாடல்' என்று போட்டிருந்தது. றெஜினோல்ட் போனபோது மேசையில் கேக் இருந்தது. ஸ்ட்ரோபெரி. தரையில் ஒரு மஞ்சள் பாய் விரித்திருந்தது. இங்வில்டோடு இன்னும் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற மேஜர் ஹோக்கொன், நிபுணர். மற்றவர் மொழிபெயர்ப்பாளர் வெங்கடேஷ், மதுரைப் பக்கத்துப் பிள்ளை, ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடம்.

"இது விசாரணை அல்ல" என்றார் இங்வில்ட். "விசாரணை என்றால் நீங்கள் சட்டத்தரணி வைக்கலாம். உரையாடலில் அந்தத் தொல்லை இல்லை."

"சார், இது விசாரணை இல்லைங்கிறாங்க மேடம்" என்றார் வெங்கடேஷ்.

"விளங்குது தம்பி. எனக்கு நோர்ஸ்க் தெரியும். உம்மைவிடக் கனகாலமாக் கதைக்கிறன்."

"தெரியும் சார். ஆனா நான் ட்ரான்ஸ்லேட் பண்ணலேன்னா உங்க ரைட்ஸ் வயலேட் ஆயிடுமாம்."

மேஜர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "வடக்கே ஒரு பனிப் பள்ளத்தாக்கை முப்பது வருடம் காத்தேன். எதிரி வரவில்லை. நான் அங்கே இருந்ததால்தான் வரவில்லை." தன் வாழ்க்கையில் கோபத்தோடு சுடப்பட்ட ஒரு வெடியையும் அவர் கேட்டதில்லை. அதனால் இந்த விஷயத்தைப் பக்கச்சார்பின்றி ஆராயக்கூடியவர் என்று பிரிவு கருதியது.

மேஜர் ஒரு கடதாசிப் பையை ஊதி, பட்டென்று அடித்து வெடிக்க வைத்தார். வெங்கடேஷ் துள்ளினார். றெஜினோல்ட் சும்மா இருந்தார்.

"ஏன் படுக்கவில்லை?"

"பைதானே, ஐயா. பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்."

"உண்மையான வெடியையும் பொய்யான வெடியையும் பிரித்தறிகிறார்" என்றார் மேஜர் மரியாதையோடு. பிறகு பாயைக் காட்டினார். "சந்தையில் படுத்தது போல ஒருமுறை படுத்துக் காட்டுங்கள்."

"சார், படுக்கணுமாம், ப்ளீஸ்."

றெஜினோல்ட் படுத்தார். மேஜர் அவரைச் சுற்றி நடந்தார்.

"முழங்கை உள்ளே. கால் அகல. முகம் ஜன்னல் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம். வாயைப் பாருங்கள், திறந்திருக்கிறது! செவிப்பறையைக் காப்பாற்ற. இதை நாங்கள் பயிற்சியின் கடைசியில்தான் சொல்லிக்கொடுக்கிறோம், அப்போதும் பாதிப்பேர் வாயை மூடிவிடுவார்கள். எங்கே கற்றீர்கள்?"

"பள்ளிக்கூடத்தில்" என்றார் றெஜினோல்ட் தரையிலிருந்து.

"எத்தனை பேருக்குக் கற்பித்தார்கள்?"

"முழுப் பள்ளிக்கூடத்துக்கும். பொம்பர் விமானம் வரும் நாட்களில் விசில் அடிப்பார்கள். விசில் கேட்டதும் படுக்க வேண்டும்."

"யார் கற்பித்தது?"

"கன்னியாஸ்திரிகள்."

"பெண்கள் அணி" என்று மேஜர் இங்வில்டைப் பார்த்தார். "சீருடை உண்டா?"

"உண்டு. வெள்ளை."

"பனியில் மறைவதற்கு."

"மன்னாரில் பனி பெய்வதில்லை, ஐயா."

"அப்படியானால் இன்னும் விசேஷம்" என்றார் மேஜர். "கையில் என்ன வைத்திருந்தார்கள்?"

"அடிமட்டம்."

வெங்கடேஷ் குனிந்தார். "சார், ஸ்கேலா? அதை என்னன்னு சொல்றது?"

"மரத்தாலை செய்தது தம்பி. அடிச்சா நோகும். அப்பிடியே சொல்லும்."

வெங்கடேஷ் அப்படியே சொன்னார். மேஜர் தலையசைத்தார்.

"கட்டளை யாரிடமிருந்து வரும்?"

"மதரிடமிருந்து."

"அவருக்கு மேலே?"

"ஆயர்."

"ஆயருக்கு மேலே?"

றெஜினோல்ட் பாயில் கிடந்தபடியே யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ரோம்."

இங்வில்ட் மூச்சை உள்ளே இழுத்தார். "யா." அறையில் காற்றுக் குறைந்தது. "வெளிநாட்டுத் தலைமை" என்று மேஜரிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு றெஜினோல்ட்டை எழுப்பி, ஒரு பெரிய துண்டுக் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தார்.

ஒரு வாரத்தில் முடிவுகள் வந்தன. இரண்டு முடிவுகள், ஒரே காலையில். நோரா தொலைபேசியில் திறந்து வாசித்தாள். முதலாவதில், விண்ணப்பதாரர் சிறுவயதிலிருந்தே முறையான அடிப்படைப் பயிற்சி பெற்றவர் என்று நிபுணர் உறுதிப்படுத்தியிருப்பதால், தவறுதலாகச் சுடும் அபாயம் குறைவு, துவக்குக்கு இறுதி அனுமதி வழங்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டாவதில், விண்ணப்பதாரர் பயிற்சி பெற்றவர் என்று நிபுணர் உறுதிப்படுத்தியிருப்பதால், தான் பயிற்சி எடுக்கவில்லை என்று அகதியாக வந்தபோது சொன்னது மீள ஆராயப்படும், குடியுரிமை திரும்பப் பெறப்படலாம் என்று இருந்தது. இரண்டின் கீழும் இங்வில்டின் பெயர். இரண்டிலும் 'வசந்தகால வாழ்த்துகள்.'

"அப்பா, ரெண்டையும் சேர்த்து வாசிச்சா" என்றாள் நோரா, "நீங்கள் துவக்கு வைச்சிருக்கலாம். பாஸ்போர்ட்தான் வைச்சிருக்க ஏலாது."

"அப்ப அந்த அறுவான் துவக்கு வேண்டாம் எண்டு எழுதிவிடு பிள்ளை!" என்றாள் கிறிஸ்ரி.

"இப்ப வேண்டாம் எண்டா ஏன் வேண்டாம் எண்டு கேப்பினம் அம்மா. அதுக்கும் ஒரு சம்தாலை வைப்பினம். உரையாடல்."

"அவை கேட்டவை எண்டு இவர் ஏன் உண்மையைச் சொன்னவர்? ரோமாம்! பாப்பரசரையும் இழுத்து விட்டிட்டு வந்து நிக்கிறார்."

"கேட்டால் சொல்லாமல் என்ன செய்யிறது?" என்றார் றெஜினோல்ட். "உண்மையைச் சொல்லித்தானே இஞ்சை இருக்க விட்டவங்கள்."

துவக்கை ஸ்டைனே கொண்டுவந்து கொடுத்தார். சட்டப்படி அதற்கு ஓர் இரும்பு அலுமாரி வேண்டும். அதைப் படுக்கையறைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்தினார்கள். "செப்டெம்பரில் பார்க்கலாம்" என்று ஸ்டைன் றெஜினோல்ட்டைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். செப்டெம்பரில் றெஜினோல்ட் எந்த நாட்டில் இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. கிறிஸ்ரி கட்டிலில் மறுபக்கத்துக்கு மாறிப் படுத்தாள்.

அடுத்த உரையாடலுக்கு ஜூனில் ஒரு புதன்கிழமை, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்பாகக் கூப்பிட்டிருந்தார்கள். நாட்காட்டியைப் பார்த்ததும் நோராவின் முகம் மாறியது.

"அப்பா, அண்டைக்கு மத்தியானம் சைரன் டெஸ்ட்."

வருடத்தில் இரண்டு தடவை, நண்பகலில், நாடு முழுவதும் அபாயச் சங்குகளை ஊதிப் பார்ப்பார்கள். ஊதுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். ஊதும்போது நோர்வேஜியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு எழும்புவார்கள். றெஜினோல்ட் அந்த இரண்டு நாட்களிலும் விடுப்பு எடுத்துக்கொண்டு குளியலறையில் இருப்பார். இது டிப்போவில் யாருக்கும் தெரியாது.

"வேணுமெண்டுதான் அண்டைக்கு வைச்சிருக்கினம்" என்றாள் நோரா.

"என்ன நடந்தாலும் படுத்திடாதேங்கோ" என்றாள் கிறிஸ்ரி. "இஞ்சாருங்கோ, கேக்குதோ? வீடு இடிஞ்சு விழுந்தாலும் கதிரையை விட்டு எழும்பக் கூடாது."

அந்த வாரம் முழுவதும் மாலையில், சாப்பாட்டு மேசையில், நோரா தொலைபேசியில் சங்குச் சத்தத்தைப் போடுவாள். றெஜினோல்ட் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு இருப்பார். முதல் நாள் பாதி மேசைக்கு அடியில் போய்விட்டார். இரண்டாம் நாள் முழங்கால் மட்டும் ஆடியது. அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கு ஊதத் தொடங்கியதும் தன் பஸ் பாதையின் தரிப்பிடங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார், கதவைத் திறந்து, ஆட்களை ஏற்றி, கதவைப் பூட்டி. கடைசித் தரிப்பிடம் வரும்போது சங்கு நின்றிருக்கும். வார முடிவில் சோறு பிசைந்துகொண்டே இருக்க முடிந்தது.

"சூப்பர் அப்பா" என்றாள் நோரா. "இப்ப நீங்கள் நோர்மால்."

புதன்கிழமை போனார். மேசையில் கேக் இருந்தது. கேக்குக்குப் பக்கத்தில், வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

இங்வில்டும் மேஜரும் எதிரே இருந்தார்கள். வெங்கடேஷ் பக்கத்தில். ஜன்னல் திறந்திருந்தது. சங்கு அந்தக் கட்டடத்தின் கூரையில்தான் இருக்கிறது என்பது றெஜினோல்ட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கோடை விடுமுறைக்கு எங்கேயாவது போகிறீர்களா?" என்று இங்வில்ட் கேட்டார்.

பதில் சொல்வதற்குள் அது தொடங்கியது. தொலைபேசியில் கேட்டது வேறு, இது வேறு. தட்டுகள் அதிர்ந்தன. தலைக்கு மேல் வானத்தையே யாரோ உரிப்பது போலிருந்தது. றெஜினோல்ட் முதலாம் தரிப்பிடத்தில் கதவைத் திறந்தார். ஒரு கிழவி ஏறினாள். கதவைப் பூட்டினார். இரண்டாம் தரிப்பிடம். குழந்தை வண்டி ஒன்று. மூன்றாம் தரிப்பிடத்தில் வெள்ளைச் சீருடையோடு யாரோ விசிலை வாயில் வைத்தபடி நின்றார்கள். அவர் நிறுத்தாமல் ஓட்டினார்.

சங்கு நின்றது.

இங்வில்டின் கோப்பி மேசைவிரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜர் கதிரையிலிருந்து பாதி எழுந்த நிலையில் வெளிறிப்போய் நின்றார். வெங்கடேஷ் "அம்மாடி" என்று நெஞ்சில் கை வைத்திருந்தார். றெஜினோல்ட் இருந்த இடத்தில் இருந்தார். கையில் முள்ளுக்கரண்டி, அதில் ஒரு துண்டுக் கேக், அசையாமல்.

வென்றுவிட்டதாக நினைத்தார்.

"நாங்கள் மூன்று பேரும் திடுக்கிட்டோம்" என்றார் இங்வில்ட், மிக மென்மையாக. "நீங்கள் மட்டும் அசையவில்லை."

"படுப்பது அடிப்படைப் பயிற்சி" என்றார் மேஜர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "படுக்காமல் இருப்பது மேல்நிலைப் பயிற்சி. முப்பது வருடத்தில் எனக்கே வரவில்லை."

இங்வில்ட் மேசையின் மேல் குனிந்தார். மெழுகுதிரிச் சுவாலை அவருடைய மூச்சில் ஆடியது. "றெஜினோல்ட், நாங்கள் உங்களை நம்புகிறோம். அதனால்தான் நேரடியாகக் கேட்கிறேன். இதற்குப் பயிற்சி எடுத்தீர்களா?"

முப்பது வருடங்களுக்கு முன்பு கேட்ட மூன்றாவது கேள்வி. அதே சொற்கள். அன்று உண்மையைச் சொன்னதால்தான் நாடு கிடைத்தது என்று நம்பும் மனிதர் வேறென்ன சொல்வார்?

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டார். "வீட்டிலை. கொஞ்சம்."

வெங்கடேஷ் அவரைப் பார்த்தார். "சார், இதை நான் சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அடிமட்டத்தைத் தவிர்த்தால், அன்றுதான் முதல்தடவையாக அவருடைய மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருந்தது. இங்வில்ட் காத்திருந்தார். வெங்கடேஷ் சொன்னார்.

"யா" என்று இங்வில்ட் இழுத்தார். "யாரிடம்?"

இந்தமுறை றெஜினோல்ட் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இங்வில்டுக்கு அவசரம் இருக்கவில்லை.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார். "மனைவி. அப்புறம் ஒரு மகள், இல்லையா? சட்டம் படிக்கிறவர். அவரையும் சந்திக்க ஆசையாக இருக்கிறது." எழுந்து, அலுமாரியிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்து, முதலாவதில் பற்றவைத்து, அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

றெஜினோல்ட் ஹவுகன்ஸ்டுவாவுக்கு ரயிலில் வந்து, நாலு மாடியும் ஏறி, கதவைத் திறந்தார். கிறிஸ்ரியும் நோராவும் விறாந்தையிலேயே நின்றார்கள்.

"படுத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்பாடா! மாதாவே! என்ன தந்தவை?"

"கேக்."

"மெழுகுதிரி?"

றெஜினோல்ட் சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக வைத்தார்.

"ரெண்டு" என்றார். "ஒண்டு எனக்கு."

கிறிஸ்ரி மகளைப் பார்த்தாள். நோராவின் சட்டைப்பையில் தொலைபேசி, செய்தி வந்ததற்கு அடையாளமாக, மெல்ல ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய பெயருக்கு, 'நம்பிக்கை உரையாடல்' என்று போட்டிருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி ஹெலி வந்தது. தினமும் வருவதுதான். கூரைக்கு மேலே வந்து, தாழ்ந்து, சத்தம் பெருத்து, சமையலறைக் கோப்பைகள் கிலுங்கின.

றெஜினோல்ட் கம்பளத்தில் குப்புறப் படுத்தார். அவரிடம் எதுவும் கேட்காமல் கிறிஸ்ரி அவருக்குப் பக்கத்தில் படுத்தாள். இருவருடைய முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருந்தன. இருவருடைய வாயும் திறந்திருந்தது.

நோர்வேயில் பிறந்த நோரா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் மெதுவாகக் குனிந்து, அவர்களுக்கு நடுவில், பக்கவாட்டில் சரிந்து, கால்களை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

"உப்பிடி இல்லை பிள்ளை" என்றார் றெஜினோல்ட். "குப்புற. முழங்கையை உள்ளுக்கை எடு. வாயைத் திற."

இவ்வாறாக, ஆயுதமும் நம்பிக்கையும் பிரிவு ஆரம்பத்திலிருந்தே சந்தேகித்தபடி, ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு நாலாம் மாடி வீட்டில் பயிற்சி தொடங்கியது.